சுவருக்குள் இருக்கும் பெட்டி: வேலையில் நாம் பார்த்த மாற்றங்கள்

ஒயர்மேன்

சுவிட்ச், சாக்கெட் எல்லாம் விதவிதமாக வருகின்றன. அவற்றைப் பற்றிப் பேச ஆளும் இருக்கிறார்கள். பின்னால் சுவருக்குள் புதைந்திருக்கும் பெட்டியை, அதற்குள் ஒயர் நுழைகிற இடத்தை, ஒயரோடு ஒயர் சேருகிற இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நான் பார்த்தவரை பழுது வருவது பெரும்பாலும் அங்கேதான். பைப்புக்குள் நேராக ஓடுகிற ஒயர் தானாகக் கெடுவது அபூர்வம். பெட்டியிலும் அதன் உதிரிகளிலும் வந்த மாற்றங்களில் எது உண்மையிலேயே உதவியது என்று அவரவர் பார்த்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

ஒரு பழைய கட்டடத்தில் சாக்கெட் சூடாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் ஆழமே இல்லாத இரும்புப் பெட்டி. உள்ளே வருகிற ஒயர், அடுத்த சாக்கெட்டுக்குப் போகிற ஒயர் எல்லாவற்றையும் மடித்துத் திணித்து, மேலே சாக்கெட்டை அமுக்கி ஸ்குரூ போட்டு மூடியிருந்தார்கள். நியூட்ரல் டெர்மினலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரை ஸ்குரூ போட்டு இறுக்கும் இடம்) ஒரு விரல் நீளத்துக்கு இன்சுலேஷன் பழுப்பேறி இருந்தது. நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. டெர்மினல் ஸ்குரூவில் டெஸ்டரை வைத்தால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் அரைச் சுற்று சுற்றியது.

சாக்கெட் மட்டம் என்று சொல்லி வேறொன்றை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். புதியதும் கொஞ்ச காலத்தில் அதே மாதிரிதான் கருகும். மடித்துத் திணித்த ஒயர் ஒவ்வொன்றும் ஸ்பிரிங் போல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இழுவை முழுவதும் டெர்மினலில் போய் விழும். லோடு ஏறும்போது உலோகம் விரியும், இறங்கும்போது சுருங்கும், ஸ்குரூ தளரும். தளர்ந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு இன்னும் ஏறும். அந்தச் சாக்கெட்டைக் கெடுத்தது பெட்டிக்குள் இடம் இல்லாமைதான்.

அதனால் எனக்கு முதல் முன்னேற்றம் ஆழம்தான். பிரிட்டனில் சுவர்ப் பெட்டிகள் 16, 25, 35, 47 மி.மீ. ஆழங்களில் வருகின்றன. 16 மி.மீ. பெட்டி ஒரு சாதாரண விளக்கு சுவிட்சுக்குப் போதும், அதற்கு மேல் தாங்காது. ஐரோப்பாவில் 68 மி.மீ. துளையில் உட்காரும் வட்டப் பெட்டிகளிலும் ஆழமான வகை உண்டு. இணைப்புகளையோ சிறிய மின்னணுப் பாகத்தையோ ஒதுக்கி வைக்கப் பக்கவாட்டில் தனி அறை வைத்த பெட்டிகளும் வந்துவிட்டன. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, வேலை செய்கிறவனை மனதில் வைத்துத்தான் இதை வரைந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பில் இதற்குக் கணக்கே இருக்கிறது. 14 கேஜ் (கேஜ் என்பது அங்கே ஒயர் பருமனைக் குறிக்கும் எண்) ஒயர் ஒன்றுக்கு 2 கன அங்குலம், 12 கேஜுக்கு 2.25. சுவிட்சோ சாக்கெட்டோ இரண்டு ஒயராகக் கணக்கு. எர்த் ஒயர்கள் நான்கு வரை சேர்ந்து ஒன்று. பெட்டிக்குள் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று. ஆக, எர்த்தோடு கூடிய 14 கேஜ் இரட்டை ஒயர் கேபிள் இரண்டு வந்து ஒரு சாக்கெட்டில் சேர்ந்தால் 4 + 1 + 1 + 2, மொத்தம் எட்டு. எட்டுக்கு 16 கன அங்குலம், அதாவது சுமார் 262 கன செ.மீ. கிளாம்ப் இல்லாத பெட்டியாக இருந்தால் 14 போதும். அந்த நாட்டு விதி நமக்குப் பொருந்துமோ இல்லையோ, கணக்கு எல்லோருக்கும் பயன்படும். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் ஆழமில்லாத பெட்டியை வாங்க மனம் வராது.

கட்டடப் பொறியாளர்

அண்ணன் உள்ளே இருக்கிற பிரச்சினையைச் சொன்னார். வெளி விளிம்புப் பிரச்சினையை நான் சொல்கிறேன், அது எங்கள் பக்கத்துத் தப்பு.

சுவரில் காடி வெட்டிப் பெட்டியைப் பதித்துவிட்டு ஒயர்மேன் போய்விடுவார். அப்புறம் பூச்சு வேலை. பெட்டியின் வாயில் கலவை போய் அடைத்துக்கொள்ளும், பைப் வாயிலும் இறங்கும். ஒயர் இழுக்க வருகிறவர் உளி வைத்துக் கொத்துவார், பெட்டி ஆடும், சுற்றிலும் பூச்சு விரியும். இதற்கு வந்த தீர்வு மிக எளிமையானது: பெட்டியோடு சேர்ந்தே வரும் பளிச்சென்ற நிறத்து மூடி. பூச்சுக்காரர் கண்ணுக்கு எங்கே பெட்டி இருக்கிறது என்று தெரியும், கலவை உள்ளே போகாது, பூச்சு காய்ந்ததும் நெம்பி எடுத்துவிடலாம். சின்ன பிளாஸ்டிக் வட்டம்தான். அது இல்லாத தளத்தில் எத்தனை மணி நேரம் கொத்துவதிலேயே போகிறது என்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொன்று, பெட்டி பூச்சுக்குள் ஆழமாகப் போய்விடுவது. பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனமாக வராது. பெட்டி உள்ளே போய்விட்டால் நீள ஸ்குரூ போட்டு இழுத்துப் பிடிப்பார்கள்; பிளேட் வளையும், பெட்டிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் சுவரே தெரியும். அமெரிக்க விதியில் தீப்பற்றாத சுவரில் பெட்டியின் விளிம்பு மேற்பரப்பிலிருந்து 6 மி.மீ. வரைதான் உள்ளே இருக்கலாம், மரச் சுவரானால் சமமாகவே இருக்க வேண்டும். காரணம் தீப்பொறிதான். பெட்டிக்குள் பொறி பறந்தால் அது பெட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். இப்போது ஸ்குரூவைத் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பெட்டிகள் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பெட்டிக்கு நீட்டிப்பு வளையம் கிடைக்கிறது. சுவரை உடைக்காமல் சரி செய்துவிடலாம்.

சாய்வு பற்றியும் ஒரு வரி. பெட்டியில் பிளேட் ஸ்குரூ ஏறும் இரண்டு காதுகளில் ஒன்று நிலையாகவும், மற்றது மேலும் கீழும் நகரும் நீள்துளையோடும் இருந்தால் போதும், பெட்டி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பிளேட்டை ரசமட்டம் வைத்து நேராக்கிவிடலாம்.

ஜிப்சம் பலகைச் சுவரில் வேலை செய்கிறவர்கள் அதற்கென்று செய்த பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். செங்கல் சுவர்ப் பெட்டியை அங்கே வைத்துச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குப் பின்னால் அங்கே வெற்றிடம். சூடு வந்தால் தடுக்கச் செங்கல் இல்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துப் பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் முறையில், இப்படி உள்ளே வெற்றிடம் உள்ள சுவருக்கான பெட்டி 850 டிகிரி செல்சியஸைத் தாங்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

வீட்டு உரிமையாளர்

நான் தொழில் தெரிந்தவன் இல்லை. என் வீட்டில் போனிலிருந்து இயக்கும் சுவிட்ச் போட வந்தவர், சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லை, போட முடியாது என்று சொல்லிவிட்டார். சுவிட்ச் வேலை செய்ய, கரண்ட் வரும் பேஸ் ஒயர் மட்டும் போதும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரே ஒரு ஒயருக்காகச் சுவரை உடைக்க வேண்டுமா?

ஒயர்மேன்

சார், சாதாரண சுவிட்ச் பேஸை வெட்டிச் சேர்ப்பதோடு சரி, அதற்கு நியூட்ரல் வேண்டாம். நீங்கள் சொல்கிற சுவிட்சுக்குள் ஒரு சின்ன மின்னணு பலகை எப்போதும் விழித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குக் கொஞ்சம் கரண்ட் ஓட வேண்டும், அந்தச் சுற்று முடிய நியூட்ரல் தேவை. நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகைகளும் உண்டு. அவை அந்தக் கரண்டை விளக்கு வழியாகவே அனுப்புவதால், குறைந்த வாட் எல்.இ.டி. விளக்குகள் சில அணைத்த பிறகும் மினுக்கும்.

சுவரை உடைக்கும் முன் பைப்பைப் பாருங்கள். பழைய ஒயரிங் பைப்பில் போயிருந்தால், இடமும் இருந்தால், ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு ஒரு ஒயரை இழுத்துவிடலாம். மூன்று ஒயரோ அதற்கு மேலோ போகும் பைப்பில் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் நிரம்பக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. அந்த அளவில் விட்டு வைத்திருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். அமெரிக்க விதியில் 2011 பதிப்பிலிருந்து, சில விலக்குகள் தவிர, விளக்கு சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். புதிதாகக் கட்டுகிற யாரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டி ஆழமும் அதோடு சேர்ந்தது, அந்த மின்னணு சுவிட்சின் முதுகு சாதாரண சுவிட்சைவிடப் பருமனாக இருக்கும்.

பராமரிப்புப் பிரிவு

பெரிய வளாகங்களில் வேலை செய்கிறேன். வெளிப்புறப் பெட்டிகள் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேல்தளத்தில் ஒரு ஐ.பி.65 ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும் லைன் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று புகார். மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மூடிக்கு அடியில் வரும் ரப்பர் கேஸ்கெட் புதுசு, நான்கு ஸ்குரூவும் இறுக்கம், சுற்றிலும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் மூடியையே குறை சொன்னார்கள். தண்ணீர் பைப் வழியாக வந்தது. கீழே குளிரூட்டிய அறையிலிருந்து மேலே வெயிலுக்கு ஒரு பைப் நேராக ஏறியிருந்தது. ஈரக் காற்று அதற்குள் உலவி, இரவில் குளிர்ந்த பெட்டிச் சுவரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்ந்திருந்தது. தண்ணீர் உள்ளே வராமல் காத்த அதே கேஸ்கெட், சேர்ந்த தண்ணீரை வெளியே விடாமலும் காத்தது.

ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். உள்ளேயே உண்டாகும் ஈரத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. நாங்கள் பைப் வாயை அடைத்து, பெட்டியின் அடியில் காற்றுப் போக்கி ஒன்று மாட்டினோம். அதில் உள்ள சவ்வு ஆவியை விடும், துளியை விடாது. இப்போது எந்த வெளிப்பெட்டியானாலும் கேபிளை அடியிலிருந்தே ஏற்றுகிறோம், கேபிள் நுழைகிற துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் கேபிள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்குகிறோம். மெல்லிய கேபிளைப் பெரிய கிளாண்டில் விட்டு டேப் சுற்றிப் பருமனாக்குவதை இனிமேல் யாரும் செய்யக் கூடாது.

இரும்புப் பெட்டியில் நாக்அவுட்டை (தட்டினால் கழன்று வரும் வட்டத் தகடு) எடுத்த துளை விளிம்பு கத்திதான். விளிம்பை மூடும் பிளாஸ்டிக் புஷ் போடாமல் ஒயரை விட்டால், இழுக்கும்போதே இன்சுலேஷன் சீவிவிடும். அன்றைக்குத் தெரியாது, பிறகு எர்த் ஆகும். தொண்டையிலேயே பிளாஸ்டிக் வளையம் பதித்த கனெக்டர்கள் வந்ததும், புஷ் போட மறந்துவிட்டேன் என்ற பேச்சே எங்கள் ஆட்களிடம் குறைந்தது.

ஒயர்மேன்

இணைப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இதில்தான் என் வேலை அதிகம் மாறியது.

முறுக்கி டேப் அடிப்பதைத்தான் நாங்கள் முதலில் கற்றோம். நன்றாக முறுக்கிய இணைப்பு வேலை செய்யும்தான். ஆனால் டேப்பின் பசை சூட்டில் இளகி வழியும், வருடம் போனால் டேப் தானே பிரிந்து நிற்கும். கனடாவில் வில்லியம் மார் 1914-ல் முறுக்குவதற்கும் சாலிடருக்கும் பதிலாக அழுத்திப் பிடிக்கும் கனெக்டரைக் கொண்டுவந்தார். வட அமெரிக்காவில் இன்றும் திருகு தொப்பிகள்தான் வழக்கம். ஜெர்மனியின் வாகோ நிறுவனம் 1977-ல் கேஜ் கிளாம்ப் என்ற ஸ்பிரிங் பிடிப்பைக் கொண்டுவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் நெம்பு கனெக்டர் அந்த வழியில் வந்ததுதான்.

ஸ்பிரிங்கில் எனக்குப் பிடித்தது, ஒயர் சூட்டில் விரிந்து சுருங்கினாலும் அது கூடவே போய்ப் பிடிக்கும். ஸ்குரூ அப்படிச் செய்யாது. நெம்பைத் தூக்கி, 11 மி.மீ. உரித்த ஒயரை விட்டு, நெம்பை மூடு, அவ்வளவுதான். உரிக்க வேண்டிய அளவு கனெக்டர் மேலேயே அச்சடித்திருக்கும். உடல் கண்ணாடி போல இருப்பதால் செம்பு கடைசி வரை போயிருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். மெல்லிய பல இழை ஒயரையும் ஒற்றைக் கம்பி ஒயரையும் ஒரே கனெக்டரில் சேர்க்கலாம். நெம்பு இல்லாத, சும்மா குத்தி விடும் வகையில் மெல்லிய பல இழை ஒயரை விடக் கூடாது, அது பிடிக்காது.

ஸ்குரூ டெர்மினலே இருந்தாலும், ஸ்குரூவின் நுனி நேராக இழைகளை அறுக்கிற வகையா, நடுவில் தகடு வைத்து அமுக்குகிற வகையா என்று வாங்கும்போதே பாருங்கள். தகடு இல்லாத வகையானால் இழைகளுக்கு ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாய் போட்டு அழுத்திய பிறகு விடுங்கள்.

கட்டடப் பொறியாளர்

கூரைப் பெட்டி பாக்கி இருக்கிறது. விளக்குக்குப் போட்ட பெட்டியில் ஃபேன் மாட்டுவது எல்லாத் தளத்திலும் நடக்கிறது. விளக்கு சும்மா தொங்கும். ஃபேன் சுற்றும்போது அதிர்வும் முறுக்கமும் நாள் முழுக்க இருக்கும். அதனால் ஃபேன் தாங்கும் பெட்டியை எடையோடு சேர்த்து அந்த ஆட்டத்துக்கும் சோதிக்கிறார்கள். அமெரிக்க விதியில் பெட்டியே தாங்கக்கூடிய ஃபேன் 70 பவுண்டு வரைதான், சுமார் 32 கிலோ. அதற்கு மேல் என்றால் ஃபேனுக்குத் தனிப் பிடிமானம் வேண்டும்.

கூரையில் எனக்குப் பிடித்த மாற்றம், விளக்கைப் பிளக் போல மாட்டிக் கழற்றும் முறை. சுவர் சாக்கெட்டுக்கு இது எப்போதோ வந்துவிட்டது. ஹார்வி ஹப்பெல் கழற்றி மாட்டும் பிளக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1904-ல். கூரைக்கு வரத்தான் நீண்ட காலம் ஆனது. பிரான்சில் வீடுகளின் விளக்குப் புள்ளிகளுக்கு டி.சி.எல். என்ற இணைப்பு கட்டாயம். அமெரிக்க விதி 2017 பதிப்பில் எடையையும் தாங்கும் கூரை சாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. ஏணியில் நின்று, ஒரு கையில் விளக்கைத் தாங்கி, மறு கையில் ஒயர் முறுக்குகிற வேலை இதனால் இல்லாமல் போகிறது.

ஒயர்மேன்

அந்தக் கூரை சாக்கெட்டை நான் இன்னும் மாட்டியதில்லை. மாட்டியவர் யாராவது இருந்தால், ஃபேன் அதிர்வில் அதன் கான்டாக்ட் எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள்.

பெட்டி செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேட்பு இருக்கிறது. கொள்ளளவைப் பெட்டியின் உள்பக்கத்திலேயே, ஒயர் போட்ட பிறகும் தெரிகிற இடத்தில், கன செ.மீ.-ல் எழுத்தாகப் பதியுங்கள். சில பெட்டிகளில் இருக்கிறது, பலவற்றில் அட்டைப் பெட்டியோடு போய்விடுகிறது. பத்து வருடம் கழித்து அதைத் திறக்கிறவனுக்கு இன்னொரு ஒயர் சேர்க்கலாமா, கூடாதா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.