ஆடிஷனில் வர்ணம் வேண்டாமாம்! இரண்டு காலம் பாடாதவருக்கு எதற்கு மேடை?

தாளக்கட்டு:
ஒரு சபாச் செயலாளர் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்: "உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஆடிஷனில் வர்ணம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரே ஒரு கிருதி பாடட்டும், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்." கேட்டதிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. வர்ணம் என்றால் ஸ்வரமும் சாகித்யமும் கலந்து, கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படி. இரண்டு காலம் என்றால் அதை முதலில் நிதானமாகவும் (கீழ்காலம்), பிறகு தாளம் மாறாமல் இரட்டை வேகத்திலும் (மேல்காலம்) பாடுவது. என்ன தெரிந்துவிடும்? நாலு வருஷமாகப் பாடிப் பாடி மெருகேற்றிய ஒரே கிருதியைக் கொண்டுவந்து ஒப்பிப்பார், நீங்களும் தலையாட்டி டிசம்பரில் ஸ்லாட் கொடுப்பீர்கள்.

பைரவி ராகத்து அட தாள வர்ணத்தைக் கேளுங்கள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் மூன்றும் சேர்ந்த முன்பாதி (பூர்வாங்கம்) 6 ஆவர்த்தனம், அதாவது ஆறு தாளச் சுற்று. ஆவர்த்தனத்துக்கு 14 அட்சரம் (தாள எண்ணிக்கை), ஆக 84. அட்சரத்துக்கு ஒன்றரை வினாடி வைத்தால் கீழ்காலம் 126 வினாடி, மேல்காலம் 63. வரி திருப்பாமல் பாடினால் மூன்று நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். இதற்கு நேரமில்லையாம்! வர்ணம் இரண்டு காலம் பாடத் தெரியாதவருக்கு மேடை கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மனோதர்மம்:
ஆரம்பிச்சுட்டீங்களா சார்! வர்ணம் முழுக்க மனப்பாடம். அதில் அந்தப் பாடகர் எங்கே இருக்கார்? இரண்டு காலம் பாடுறதால ஞானம் வந்துடுமா? ஒண்ணு மாதிரியே ஒலிக்கிற ராகங்களான தர்பாரும் நாயகியும் அடுத்தடுத்து மூணு மூணு நிமிஷம் ஆலாபனை (தாளமில்லாம ராகத்தை விரிச்சுப் பாடறது) பண்ணச் சொல்லுங்க. அதே மாதிரி ஆரபி கேட்டுட்டு உடனே தேவகாந்தாரி கேளுங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள வழுக்கி விழறது அங்கே தெரியும். அதைவிட்டு 84 அட்சரம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

தாளக்கட்டு:
மனப்பாடமாகவே இருக்கட்டும். மனப்பாடம் செய்ததையே மேல்காலத்தில் நிறுத்த முடியாதவர் மனோதர்மத்தில், அதாவது மேடையில் சொந்தக் கற்பனையில், என்ன கிழிப்பார்?

மேல்காலத்தில் என்ன உடைகிறது என்று சொல்கிறேன். பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த 'த'), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த 'த'). கீழ்காலத்தில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். மேல்காலத்தில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு. கீழ்காலத்தில் நிஷாதத்துக்குக் கொடுத்த அத்தனை அசைவையும் மேல்காலத்திலும் கொடுக்கப் போனால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் இழுக்கும். அசைவையே விட்டுவிட்டால் ஸ்வரம் தட்டையாக நிற்கும். எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது பாடாந்தரத்தில், குரு வழியாக வந்த பாடத்தில், வந்தவருக்குத்தான் தெரியும். மூன்றாவது, கை ஓடும். மேல்காலத்தில் தாளம் அப்படியே நிற்க வேண்டும், சாகித்யம் மட்டும் இரட்டிக்க வேண்டும். கை ஓடுகிறவருக்கு, அதாவது தாளம் போடும் கை வேகமெடுப்பவருக்கு, தாளத்தின் இரண்டாவது பகுதியான லகுவிலேயே தெரிந்துவிடும். இத்தனையும் 63 வினாடியில். எந்த ஆலாபனை இதைக் காட்டும்?

வலந்தலை:
சரணம் என்னாச்சு? இரண்டு காலம் இரண்டு காலம்னு சொல்றீங்க, பூர்வாங்கத்தோட நிறுத்திட்டீங்க. சரணத்துக்கு அப்புறம் வர்ற எத்துக்கடை ஸ்வரம் இரண்டு காலத்துல வேணுமா வேண்டாமா?

காவிரிக்கரை:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். முதல்ல "உள்ளூர்க் கலைஞர்"னா யாரு? திருச்சியில பிறந்து சென்னையில பாடறவரா, திருச்சியிலயே இருந்து பாடறவரா? அதைச் சொல்லாம வர்ணத்தைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது? மாவட்டத்துச் சபா ஆண்டு விழா எடுத்துப் பாருங்க. ஆறரை மணிக்கு சென்னையிலிருந்து வந்தவர் கச்சேரி, உள்ளூர்ப் பிள்ளைக்கு நாலு மணி, காலி நாற்காலி. ஆடிஷன்ல ஜெயிச்சு என்ன பிரயோஜனம்?

தாளக்கட்டு:
நாலு மணிக் கச்சேரி கிடைத்ததே பெரிது. அந்த நாலு மணியையும் மேல்காலத்தில் கை ஓடுகிறவருக்குக் கொடுத்தால் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

வலந்தலை கேட்டதற்கு: பூர்வாங்கம் இரண்டு காலம், பின்பாதியான சரணம் ஒரே வேகத்தில், மத்யம காலம். மேடையில் அப்படித்தான் பாடுகிறார்கள். கச்சேரியை வர்ணத்தில் ஆரம்பிக்கும் முறையை நிலைநிறுத்தியவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவருக்குத் தெரியாததா இந்தச் செயலாளருக்குத் தெரிந்துவிட்டது?

மனோதர்மம்:
அரியக்குடி மேடையில வர்ணம் பாடினது குரல் பதமாகறதுக்கும், கச்சேரி நிதானத்துக்கு வர்றதுக்கும். தேர்வு எழுத இல்ல. ஊர்ல எல்லாரும் அதே பைரவி அட தாளத்தை அரைச்சு அரைச்சு வருவாங்க, நீங்க நாற்பது தடவை அதையே கேட்டுட்டு உட்கார்ந்திருப்பீங்க. முப்பதாவது ஆளுக்கு மேல உங்க காது என்ன மார்க் போடும்?

சுருதிப்பெட்டி:
ரெண்டு பேரும் பாடறவரையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? ஆடிஷன் கெட்டுப்போற இடம் வர்ணமும் இல்ல, ஆலாபனையும் இல்ல. பேர் வரிசைப்படி கூப்பிடறதுதான். ஒரு கட்டை சுருதியில (தாழ்ந்த சுருதி) ஒரு பையன், அடுத்து ஐந்தரைக் கட்டையில (உயர்ந்த சுருதி) ஒரு பொண்ணு, மறுபடி ஒன்றரைக் கட்டை. வயலின்காரர் ஒவ்வொரு தடவையும் தந்தியை முறுக்கற பிருடையைத் திருகி, ஏத்தி இறக்கி, ஏழாவது ஆளுக்குத் தந்தி அறுந்துடும். மிருதங்கம் சில நிமிஷத்துல அவ்வளவு தூரம் ஏறாது. தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒண்ணு, ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒண்ணு, ரெண்டு வாத்தியம் வேணும். விண்ணப்பத்துலயே சுருதியைக் கேட்டு வாங்கி, காலையில ஒன்று முதல் இரண்டரைக் கட்டை வரை, மதியம் ஐந்து முதல் ஆறரைக் கட்டை வரைன்னு பிரிச்சுட்டா பாதிப் பிரச்சனை தீரும். ஆறு பேருக்கு ஒரு தடவை பக்கவாத்தியத்துக்கு இடைவேளை விடுங்க. கடைசியா வர்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் களைச்சுப்போன வயலின்?

வலந்தலை:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஏசியையும் சேர்த்துக்கோங்க. மிருதங்கத்தோட இடது பக்கமான தொப்பியில போட்ட ரவை ஏசி காத்துல சீக்கிரம் காஞ்சுடும், கும்கிங்கற அந்த அடிநாதம் வராது. தண்ணி தொட்டுத் தடவ ஒரு நிமிஷம் கேட்டா "சீக்கிரம் சீக்கிரம்"னு பின்னாலிருந்து குரல். அப்புறம் மிருதங்கம் சரியில்லைன்னு பேச்சு. மிருதங்கக்காரனைக் கண்டா இந்த ஊருக்கு என்னைக்கும் இளக்காரம்தான். சென்னை மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம் மிருதங்கத்துக்கு முதன்முதலா வந்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. அகாடமி ஆரம்பிச்சது 1928. கணக்குப் போட்டுக்கோங்க.

நாயனம்:
மிருதங்கத்துக்கே இப்படிப் புலம்பறீங்களே தம்பி, எங்க கதையைக் கேளுங்க. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. இன்னொரு நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு வந்தது 1998-ல். விழா துவக்க நாள்ல மங்கள இசைக்கு நாதஸ்வரம், அதுவும் வாசல்ல, ஆட்கள் செருப்பைக் கழட்டி வைக்கிற நேரத்துல. எந்தச் சபா ஆடிஷன் விண்ணப்பத்துலயாவது நாதஸ்வரம், தவில்னு ஒரு கட்டம் இருக்கா? இருந்தா காட்டுங்க. அப்புறம் பேசலாம் உங்க வர்ணத்தை.

தாளக்கட்டு:
நாதஸ்வரத்துக்கும் வர்ணம் உண்டு. அதற்கும் இதே அளவுகோல்தான். வர்ணம் இரண்டு காலம் வாசிக்காத நாதஸ்வரக்காரருக்கும் மேடை கூடாது.

நாயனம்:
ராத்திரி முழுக்க வீதியில நின்னு ஒரே ராகத்தை வாசிச்ச பரம்பரைக்கு நீங்க மூணு நிமிஷ வர்ணப் பரீட்சை வைக்கிறீங்க! நல்லா இருங்க. சாமி புறப்பாட்டுக்கு நாங்க வாசிக்கிற மல்லாரி பேரையாவது கேட்டிருக்கீங்களா? அதுல திரிகாலமே உண்டு.

மனோதர்மம்:
பெரியவர் மூன்று காலம்னு சொல்லிட்டார். தாளக்கட்டு சார் இனிமே மூணு காலம் கேட்பார்.

நான் ராகம் பத்திக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. அதோட, மேடையிலேயே கற்பனையா ஸ்வரம் பாடற கல்பனாஸ்வரத்தை என்ன பண்ணப் போறீங்க? இப்போ வர்ற பிள்ளைங்க பாதிப் பேர் வீட்டிலேயே கோர்வை (கடைசியில முடிக்கிற கணக்கு ஸ்வரக் கட்டு) எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. ஆதி தாளத்துல சமத்துக்கு, அதாவது தாளத்தோட முதல் தட்டுக்கு, எழுதி வச்ச கோர்வையோட வர்றவர்கிட்ட, "அரை இடத்துல எடுங்க, இந்த வரி பாடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அட்சரத்துக்கு 4 மாத்திரை, அதனால அரை இடத்துக்கு (அரை அட்சரம் தள்ளி) 2 மாத்திரை, ஒன்றரை இடத்துக்கு 6 மாத்திரை கூடணும். கணக்குத் தெரிஞ்சவர் கார்வையில (ஸ்வரத்தை நீட்டறதுல) சரிக்கட்டிடுவார், தெரியாதவர் பாட்டு வரி தொடங்கற எடுப்பைத் தாண்டிப் போய் நின்னு சிரிப்பார். உங்க வர்ணம் இதைக் காட்டுமா? காட்டாது.

தாளக்கட்டு:
கணக்கு தெரிந்தவர் பாடகரா, கணக்குப் பிள்ளையா? மாத்திரை கூட்டிக் கழிப்பதை மிருதங்கக்காரர் பார்த்துக்கொள்வார். மேல்காலத்தில் இரண்டு தைவதமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

வலந்தலை:
என்னது, மிருதங்கக்காரர் பார்த்துக்குவாரா? ஒரு மணி நேரக் கச்சேரியில, நாங்க மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு எவ்வளவு தருவீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. வர்ணம் 5 நிமிஷம், ரெண்டு கிருதிக்கு 15, மெயின் 28, துக்கடா (கடைசியில வர்ற சின்னப் பாட்டு) 5, மங்களம் 1. கூட்டினா 54, மிச்சம் சுருதி சேர்க்க. அந்த 28-க்குள்ள 8 நிமிஷம் தனி. அந்த எட்டையும் "நேரமாச்சு"ன்னு நாலாக்கிடுவாங்க. உங்க வர்ணத்தை நிறுத்தினா எங்களுக்கு அஞ்சு நிமிஷம் கூடக் கிடைக்கும். இப்போ நான் செயலாளர் கட்சி!

காவிரிக்கரை:
விருது விஷயத்துக்கு வாங்க. பட்டமும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பறதுல என்ன ஆதரவு இருக்கு? சங்கீத நாடக அகாடமியோட பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் 2006-ல ஆரம்பிச்சது, 40 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு, 25,000 ரூபாய். அதோட மதிப்பு வேற, நான் மறுக்கல. ஆனா ஒரு சின்னச் சபா அதே மாதிரி "விருது" கொடுக்கணும்னு ஆசைப்படறது தப்பு. கேடயம், சால்வை, பேனர், வீடியோன்னு செலவு பண்ற பணத்தை எடுத்து, ஜெயிச்ச பிள்ளைக்கு வருஷத்துல மூணு கச்சேரி, நல்ல வயலின், நல்ல மிருதங்கத்தோட, ரயில் டிக்கெட்டும் சம்பாவனையும் சபாவே கொடுத்து வச்சுப் பாருங்க. இப்போ பக்கவாத்தியத்துக்குப் பாடறவரே கையிலிருந்து கொடுக்கறார். சில இடத்துல ஸ்லாட்டுக்கே "டொனேஷன்" கேட்கறாங்க.

சுருதிப்பெட்டி:
டொனேஷன் வாங்கற இடத்துல ஆடிஷன் எதுக்கு? ரசீதைக் காட்டினா போதுமே.

ஆகாசவாணியில தரம் பிரிக்கிற முறையை எடுத்துக்கோங்க. பி, பி-ஹை, ஏ, டாப். அங்கே ஒலியை மட்டும் கேட்டுத் தரம் போடறாங்க, யார் பிள்ளை, யார் சிஷ்யைங்கறது காதுக்குத் தெரியாது. சபாவும் இதைச் செய்யலாம். ஒரு திரை, பேருக்குப் பதில் எண், மைக் லெவல் எல்லாருக்கும் ஒண்ணு. மூணு நடுவர், மூணு தனித்தாள், நடுவுல பேச்சு கூடாது. ஒருத்தர் 80, இன்னொருத்தர் 55 போட்டா பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்கணும். குரு நடுவராக இருந்தா அவர் சிஷ்யர் பாடும்போது எழுந்து போயிடணும்.

மனோதர்மம்:
திரை போட்டாலும் பாடாந்தரத்தை வச்சு யார் சிஷ்யைன்னு முதல் சங்கதியிலேயே கண்டுபிடிச்சுடுவாங்க அக்கா. அதுவும் எல்லாரும் ஒரே வர்ணம் பாடினா கேட்கவே வேண்டாம்! எந்த வீட்டு பைரவின்னு அனுபல்லவியிலேயே தெரிஞ்சுடும். கொடுத்த ராகத்துல ஆலாபனைன்னா அது கொஞ்சமாவது மறையும்.

தாளக்கட்டு:
அப்படியானால் வர்ணத்தை மாற்றிக் கேளுங்கள். தோடி, கல்யாணி, சங்கராபரணம், கானடா எல்லாவற்றிலும் அட தாள வர்ணம் இருக்கிறது. ஐந்து வர்ணத்துக்குப் பட்டியல் வாங்கி, அன்றைக்கு நடுவர் ஒன்றைக் கேட்கட்டும். வர்ணம் இரண்டு காலம் என்பதில் மாற்றமில்லை.

இன்னொன்று. ஆலாபனைக்கு மூன்று நிமிஷம் கொடுத்தால் எல்லாரும் மத்ய ஷட்ஜத்தில் கொஞ்சம் சுற்றி, பஞ்சமத்தைத் தொட்டு, தார ஷட்ஜத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பிருகா (வேகமான ஸ்வர ஓட்டம்) அடித்து இறங்கிவிடுவார்கள். அதுவும் மனப்பாடம்தான் ஐயா. நீங்கள் அதற்கு மனோதர்மம் என்று பேர் வைத்து, அதையே உங்கள் பேராகவும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மனோதர்மம்:
பேரைப் பத்திப் பேசற அளவுக்கு வந்தாச்சா? போன வருஷம் ராகம் தானம் பல்லவி விவாதத்துலயும் இப்படித்தான், பதில் இல்லாம போனதும் பேரைப் பிடிச்சீங்க. நாயகி கேட்டேன், தர்பார் கேட்டேன், ஒரு வரி பதில் இல்லை.

தாளக்கட்டு:
ராகம் தானம் பல்லவி விவாதத்தில் திரிகாலம் செய்யாத பல்லவியும் பல்லவிதான் என்று வாதாடியவர் நீங்கள். அன்றைக்கும் உங்களுக்குக் காலம்தான் பிரச்சனை, இன்றைக்கும் காலம்தான் பிரச்சனை.

காவிரிக்கரை:
உள்ளூர்க் கலைஞர்னா யாருன்னு இன்னும் யாரும் சொல்லல.

நாயனம்:
ஆடிஷன் விண்ணப்பத்துல நாதஸ்வரத்துக்குக் கட்டம் இருக்கான்னு கேட்டேன். அதுக்கும் பதில் இல்லை.

வலந்தலை:
சரணத்தை மத்யம காலத்துல பாடணும்னு சொன்னீங்களே, அப்போ அது "வர்ணம் இரண்டு காலம்" ஆகுமா? பாதி வர்ணம்தானே இரண்டு காலம்?

தாளக்கட்டு:
பூர்வாங்கம் இரண்டு காலம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். முக்தாயி ஸ்வரம் முடிந்து மேல்காலத்தில் பல்லவிக்குத் திரும்பும்போது தாளம் கீழ்காலத்தில் இருந்த அதே இடத்தில் நிற்கிறதா என்று கையைப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

மனோதர்மம்:
கூப்பிடுங்க, கூப்பிடுங்க. கடைசியில மேடையில டிக்டிக்னு தாளம் தட்டற நாற்பது மெட்ரோனோம் உட்கார்ந்திருக்கும்.