பசுந்தேயிலை விலையை மக்களவையில் எழுப்பிப் பயன் உண்டா?

கோத்தகிரி ஹட்டிக்காரர்:
அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பாக நமது தொகுதியின் மக்களவை உறுப்பினரைச் சந்தித்து, பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதை அவையில் எழுப்பும்படி மனு கொடுக்க எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். 2023இல் கோத்தகிரிப் பகுதியில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோது கேட்டதும் இதைத்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் டெல்லியில் விலை அறிவிக்கிறார்கள். தேயிலைக்கு ஏன் அறிவிப்பதில்லை என்று ஒருவர் அவையில் எழுந்து நின்று கேட்க வேண்டாமா? மனுவில் என்னென்ன சேர்க்கலாம் என்று நண்பர்கள் கூறவும்.

குன்னூர் ஏல வணிகர்:
தாராளமாகக் கேட்கலாம். உறுப்பினர் பூஜ்ய நேரத்தில், அதாவது கேள்வி நேரம் முடிந்ததும் அவசரப் பொருள்களை எழுப்பும் நேரத்தில், இரண்டு நிமிடம் பேசுவார். மாலைக்குள் அந்தக் காணொளி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிடும். அத்துடன் கதை முடிந்துவிடும். பூஜ்ய நேரத்தில் எழுப்பப்படும் பொருளுக்கு அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களில் தேயிலை இல்லை. அந்தப் பட்டியல் வேளாண் அமைச்சகத்தைச் சேர்ந்தது, தேயிலையோ வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது. நெல்லுக்கு அந்த விலை ஓரளவேனும் நிற்கிறது என்றால், அரசே கொள்முதல் நிலையம் திறந்து மூட்டைகளை வாங்குவதால்தான் நிற்கிறது. பறித்த இலையை அப்படி அடுக்கி வைக்க முடியாது. அன்றைக்கே தொழிற்சாலைக்குள் போகாவிட்டால் சாக்கிலேயே சூடேறிக் கெட்டுவிடும். நான்கு கிலோவுக்கு மேல் இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டித்தான் இலைக்கு விலை கொடுக்க முடியும். தூளின் விலை இறங்கிக் கிடக்கும்போது இலைக்கு மட்டும் சட்டம் போட்டு விலை வைத்தால், "இன்றைய கோட்டா முடிந்துவிட்டது" என்று வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அப்போது விவசாயி எந்த அமைச்சரிடம் போய் நிற்பார்?

கோத்தகிரி ஹட்டிக்காரர்:
ஐயா, தாங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் எந்த அமைச்சகம் என்று தாங்கள் எடுத்துக்காட்டியதே என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் விலை இல்லை என்றால் நாம் முதலில் சென்னையைத்தான் கேட்க வேண்டும். தேயிலையின் நிலை வேறு. 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், பொதுநலனுக்காகத் தேயிலைத் தொழிலை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாகத் தன் இரண்டாம் பிரிவிலேயே அறிவிக்கிறது. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, தேயிலைக்கு உச்ச விலையையும் குறைந்தபட்ச விலையையும் ஆணை மூலம் நிர்ணயிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2003இல் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்ததும் இந்தப் பிரிவின் கீழ்தான். இலை வாங்கும் தொழிற்சாலை, தூள் விற்ற பணத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் பங்கிடும் விலைப் பகிர்வு முறையின்படி விவசாயிக்குப் பணம் தர வேண்டும் என்று அந்த ஆணை கூறுகிறது. ஆகவே அதிகாரம் டெல்லியில் இருக்கிறது, அதைச் செலுத்தும் தேயிலை வாரியமும் டெல்லியின் கீழ் இருக்கிறது. கேள்வி மட்டும் அங்கே கேட்கப்படக் கூடாது என்றால் எப்படி?

பூஜ்ய நேரத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது சரியே. அதனால்தான் அங்கே பேசச் சொல்லாமல், எழுத்து மூலம் பதில் பெறும் கேள்வியாகக் கொடுக்கச் சொல்கிறோம். அமைச்சர் தம் பதிலில் "இது பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினாலும் போதும். மழுப்பலான அந்தச் சொற்றொடரே மக்களவை மரபின்படி உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கது. உறுதிமொழிகளைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி, தாமதமானால் அமைச்சகம் அவகாசம் கேட்டு அக்குழுவிடம் வர வேண்டும். மேடைப் பேச்சுக்கு இந்த வால் கிடையாது.

காரமடை வாசகர்:
ஒரு நினைவூட்டல். நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்றுதான் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே இருக்கின்றன. எங்கள் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அவையில் யார் பேசுவது? தொகுதியின் பெயர் நீலகிரி என்பதால் தேயிலையே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

தேவாலா குடியேறி:
மலையிலும் எல்லாரும் தேயிலை விலைக்காக மட்டும் அழவில்லை, ஐயா. கூடலூர்ப் பகுதி நாடாளுமன்றத்தின் பார்வைக்குப் போகாத ஊரும் அன்று. ஜென்மி எனப்பட்ட பரம்பரை நிலக்கிழார்களின் உரிமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. அதைக் காப்பாற்றுவதற்காக, 1974இல் 34ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை முழுமையாக, நீதிமன்றம் ரத்து செய்யாதபடி சட்டங்களைக் காக்க உருவான ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த அட்டவணையில் போட்ட சட்டத்தை நீதிமன்றம் ஆராயலாமா என்ற கேள்விக்கு 2007இல் ஒன்பது நீதிபதிகள் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் எங்கள் நில வழக்கிலிருந்துதான் கிளம்பியது. இன்றைக்கு இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் கூடலூரைப் படிக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை இன்னும் முடிவாகாத நிலத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் இன்னமும் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்காக அலுவலகப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: நாடாளுமன்றம் வரை போன விஷயம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நிலத்துக்கு முடிவு சொல்ல வேண்டியது மாநில வருவாய்த் துறையும் வனத்துறையும். ஆளைக் கொல்லும் யானையைப் பிடிக்க உத்தரவிடும் அதிகாரமும் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம்தான் இருக்கிறது. மனுவைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு போனால் தூரமாவது குறையும்.

கோத்தகிரி ஹட்டிக்காரர்:
தேவாலா நண்பர் சொல்வது நிலத்துக்குப் பொருந்தும், தேயிலை விலைக்குப் பொருந்தாது. சட்டமன்றத்தில் பேசினால், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்தும் இன்ட்கோசர்வ் வழியாக ஏதாவது மானியம் பெறலாம். அதையும் கேட்கத்தான் போகிறோம். ஆனால் விலைப் பகிர்வு முறையைத் திருத்தும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. காரமடை நண்பருக்கும் ஒரு வார்த்தை: மக்களவையில் ஒரு நாளைக்கு 230 கேள்விகள் வரை எழுத்து மூலப் பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கறிவேப்பிலைக்கும் ஒன்று கொடுங்கள். ஒருவர் பங்கை மற்றவர் தின்னும் நிலை இதில் இல்லை.

உறுப்பினரிடம் இரண்டு கேள்விகள் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி இலை விலையைவிடக் குறைத்துக் கொடுத்த தொழிற்சாலைகள் மீது 2003ஆம் ஆண்டின் ஆணைப்படி எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, ஆண்டுவாரியாக? 30ஆம் பிரிவின் கீழ் இலைக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன? இவற்றோடு, அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்றையும் கொண்டுவரச் சொல்லலாம்.

குன்னூர் ஏல வணிகர்:
தனிநபர் மசோதா வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு நிறைவேறியவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். வெள்ளிக்கிழமை பிற்பகலில், பாதி அவை ஊருக்குக் கிளம்பிய பிறகு எடுக்கப்படும் பொருளுக்காக உறுப்பினரின் ஆற்றலை வீணாக்குவானேன்?

முதல் கேள்வி நன்றாக இருக்கிறது. அதற்கு வரும் பதிலில் எண்கள் இருக்கும். எண்கள் சிறிதாக இருந்தால் நீங்கள் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஒழுங்காகப் பணம் தரும் தொழிற்சாலைகளுக்கும் அதனால் நன்மை உண்டு. குறைத்துக் கொடுப்பவனோடு ஏலத்தில் போட்டியிட்டு நொந்தவர்கள் அவர்களே. இரண்டாவது கேள்வியை நான் எதிர்க்கிறேன். மீந்த இலையை வாங்க வேறு ஏற்பாடு இல்லாமல் விலையை மட்டும் கேட்டால், "ஏலச் சந்தையே விலையை நிர்ணயிக்கிறது" என்ற ஒரு வரிப் பதில்தான் வரும். பிறகு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அந்த வரியையே எடுத்துக் காட்டுவார்கள். கோட்டா போட்டுத் திருப்பி அனுப்பப்படும் இலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் ஏற்பதற்குத் தேவையான இயந்திர நவீனமயத்துக்கு வாரியம் நிதி தருமா என்று அதை மாற்றுங்கள். மாற்றினால் நானும் கையெழுத்திடுகிறேன்.

கோத்தகிரி ஹட்டிக்காரர்:
மசோதாவை விட்டுவிடுகிறோம். தங்கள் நிதிக் கேள்வியை மூன்றாவதாகச் சேர்க்கிறோம். இரண்டாவது கேள்வியை நீக்க மாட்டோம். "எண்ணம் இல்லை" என்றுதான் பதில் வரும் என்றாலும், காரணத்தோடும் அமைச்சர் பெயரோடும் அது எழுத்தில் இருக்கட்டும். தங்கள் கையெழுத்து இல்லாமலே மனு போகும்.