கடையில குடுத்த போன் நம்பர் வெளியே போயிடுச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திருப்பாதிரிப்புலியூர்:
பாண்டி நேரு வீதியில ஒரு ஜவுளிக்கடை, பேர் வேண்டாம். தீபாவளிக்கு மாமியாருக்குப் புடவை எடுத்தப்போ பாயின்ட் ஏறும்னு நம்பர் வாங்கினாங்க. பொங்கல் முடிஞ்சு ஒரு மெசேஜ்: வாடிக்கையாளர் விவரம் சிலது வெளியாயிருக்கலாமாம். எது போச்சுன்னு ஒரு வரி இல்ல.

அடுத்த வாரமே போன். மயில்கழுத்து கலர் புடவைன்னு சொல்றான், பில் தொகையை பைசா சுத்தமா சொல்றான். குலுக்கல்ல கிரைண்டர் விழுந்திருக்காம், ஓடிபி சொல்லணுமாம். இவ்வளவு தெரிஞ்சவன் கடைக்காரன்னுதானே தோணும்? மாமியார் மெசேஜ் படிக்கக் கண்ணாடியே போட்டுட்டாங்க. போனைப் பிடுங்கி கட் பண்ணேன்.

முதல்ல ஜிமெயில் பாஸ்வேர்டை மாத்தினோம். வீட்டுக்காரர் கடை ஆப்புக்கும் மெயிலுக்கும் ஒண்ணே வச்சிருந்தார். மெயில் சிக்கினா மத்த கணக்கு எல்லாத்தையும் அதை வச்சே திறந்துடுவான். கார்டுக்கு அவ்வளவா பயப்படல. 2022 அக்டோபர்லேர்ந்து கடைக்காரங்க முழு கார்டு நம்பரைச் சேமிச்சு வைக்கக் கூடாது, அதுக்குப் பதிலா டோக்கன்னு ஒரு மாற்று எண்தான். இருந்தாலும் பேங்க் ஆப்புல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆஃப் பண்ணிட்டோம். சஞ்சார் சாத்திங்கிற அரசாங்கத் தளத்துல மாமியார் பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னும் பார்த்தாச்சு.

லாஸ்பேட்டை:
எங்களுக்குப் பணமே போச்சுக்கா. ஓடிபிகூட வரல. அண்ணன் ராத்திரியே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிச்சு, கார்டை பிளாக் பண்ணி, புகார் நம்பரை வாங்கி வச்சிக்கிட்டார். காலையில பேங்குல "கடைகிட்ட போய்க் கேளுங்க"ன்னு தட்டிக்கழிச்சாங்க. ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினதும்தான் வழிக்கு வந்தாங்க. தப்பு நம்ம மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்லன்னா, 3 வேலை நாளுக்குள்ள தகவல் சொல்லிட்டா நஷ்டம் நம்மளது இல்ல. சொன்னதுலேர்ந்து 10 வேலை நாளுக்குள்ள பணத்தை வரவு வைக்கணும். வச்சாங்க. ஓடிபியை நாமளே வாயால சொல்லியிருந்தா கதை வேற, பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போனது நம்ம தலையிலதான்.

மஞ்சக்குப்பம்:
நம்பர் தந்தாத்தான் பில்லுன்னு கடைக்காரங்க கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஒன்றிய நுகர்வோர் துறை 2023 மே மாசமே சொல்லியிருக்கு. இம்பீரியல் ரோட்டுல ஒரு கடையில "நம்பர் தர மாட்டேம்மா"ன்னேன், சண்டைக்குத் தயாராத்தான் நின்னேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கல. பத்து தடவை ஒன்பதைத் தட்டிட்டு பில்லை நீட்டிடுச்சு.