தர ஆய்வுக்காக விடுபட்ட பார்ட்டோகிராஃப் தாள்களை நிரப்பலாமா?

கேள்வி (செவிலியர், மேலூர் வட்டாரம்):

அனைவருக்கும் வணக்கம். இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். இரவில் செவிலியர் ஒருவர்தான். பிரசவப் பதிவேடு, கேஸ் ஷீட், கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதியும் அரசின் பிக்மி இணையப் பதிவு என ஒரே தாயின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருக்கிறது. இப்போது தேசியத் தர உறுதிச் சான்றுக்கான ஆய்வு வரவிருப்பதால், பழைய கேஸ் ஷீட்டுகளில் வெறுமையாக இருக்கும் பார்ட்டோகிராஃப் தாள்களை (பிரசவ வலியின்போது பிரசவம் முன்னேறும் விதத்தை வரைபடமாகக் குறிக்கும் தாள்கள்) நிரப்பி வைக்கும்படி மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் எங்கள் நிலையத்திற்குத்தான் கெட்ட பெயர் என்கிறார்கள். நான் என்ன செய்வது? இந்த மதிப்பீட்டு முறைகளால் தாய்மார்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவ அலுவலர், உசிலம்பட்டி):

அம்மா, தயவுசெய்து நிரப்பாதீர்கள். கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்த பிறகு மணிக்கு 1 செ.மீ. வீதமாவது விரிகிறதா என்று பார்த்து, அதைவிட மெதுவாகித் தாளிலுள்ள எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் 108-ஐ அழைத்து இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவதற்காகவே அந்தத் தாள் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு எழுதினால் அது யாரையும் காப்பாற்றாது. ஆய்வுகளில் அப்படிப்பட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: ஒரே பேனா, ஒரே கை, எல்லாக் கட்டங்களிலும் குழந்தையின் இதயத்துடிப்பு 140, கோடு சிறிதும் பிசகாமல் மேலேறியிருக்கும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இரவில் இரண்டு தாய்மார்களுக்கு ஒரே நேரத்தில் வலி எடுத்தால் ஒரு செவிலியரால் தாளை எழுத முடியாது என்பதற்கு உங்களிடம் இருக்கும் எழுத்துச் சான்று அந்த வெற்றுத் தாள்தான். அதை நிரப்பிவிட்டால், ஒரே செவிலியரை வைத்தே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்; பிறகு கூடுதல் பணியிடம் கேட்டால் யார் தருவார்கள்?

தர உறுதி முறையையே நான் குறை சொல்லவில்லை. அது பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. நேரில் கவனிப்பதும், பணியாளரையும் நோயாளியையும் கேட்பதும் அதில் சேர்ந்தவை. நம் மாநிலத்தில் மகப்பேறு மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கம் வேரூன்றியதும், வண்டி ஏன் தாமதமானது, இரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று காரணத்தைத் தேடியபோதுதான் பலன் தந்தது. யாரைத் தண்டிக்கலாம் என்று தேடிய கூட்டங்களில் உண்மை வெளிவந்து நான் பார்த்ததில்லை.

பதில் (தனியார் மருத்துவமனைத் தரப் பிரிவு, மதுரை):

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்ச அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மருத்துவமனைகளில் நடந்த முதல் ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கிய பிறகு 101 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பட்டியலை உரக்கப் படித்து ஒவ்வொருவரும் பதில் சொல்வது வேறு, கட்டங்களில் டிக் அடித்து அனுப்புவது வேறு என்பதே என் கருத்து. அளவிடுவதே வீண் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள், சகோதரி.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஆய்வாளர் நேரில் கேட்கும்போது, நிரப்ப மறுத்தேன் என்று சொன்னால் அது மேலதிகாரிக்கு எதிராக நிற்பதாகிவிடாதா?

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவ அலுவலர்):

மறுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுபட்ட தாள்கள் எத்தனை, அவற்றில் எத்தனை இரவுப் பணியில் விடுபட்டவை, அதே நேரத்தில் எத்தனை பிரசவங்கள் நடந்துகொண்டிருந்தன என்பதைப் பிரசவப் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, ஆய்வுக்கு முன்பே உங்கள் மருத்துவ அலுவலரிடம் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் எழுத முடியாமல் போகும் இரவுகளில், காரணத்தையும் நேரத்தையும் அந்தத் தாளிலேயே ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள்.