லாக் கேபின் குவில்ட்: கட்டங்கள் ஒரே அளவில் வரவில்லை, என்ன செய்வது?

தக்கலை மல்லி:
வணக்கம். வீட்டில் பழைய டபுள் முண்டு, கைலி, பக்கத்துத் தையல் கடையில் கொடுத்த சுடிதார் வெட்டுத்துணி என்று ஒரு சாக்கு நிறைய கிடக்கிறது. எல்லாவற்றையும் வைத்து மகளுக்கு ஒரு லாக் கேபின் குவில்ட் தைத்துக்கொடுக்க ஆசை. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துச் சேர்க்கிற ஒட்டுப்போர்வைதான் அது. நடுச்சதுரம் 2½ இஞ்ச், சுற்றிலும் 1½ இஞ்ச் பட்டை, மூன்று சுற்று. கணக்குப்படி கட்டம் 8½ வர வேண்டும். சிலது சரியாக வருகிறது, சிலது 7¾க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது, ஓரம் வேறு அலை அலையாக நிற்கிறது. பழைய கால் மிஷின்தான். அப்புறம் உள்ளே என்ன வைப்பது? பாலியஸ்டர் பஞ்சு நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவருமா? நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, கனமாகத் தைத்தால் துவைத்துக் காயப்போட வழியில்லை.

மார்த்தாண்டம் தையலக்கா:
மல்லி, உன் கணக்கு சரி. கால் இஞ்ச் தையல்தான் கூடிப்போகிறது. துணியை அழுத்துகிற ஃபுட்டின் ஓரத்தை அளவாக வைத்துத் தைத்தால் பல மிஷினில் கால் இஞ்சைத் தாண்டிவிடும். அரை நூல்தானே என்று தோன்றும் (ஒரு இஞ்சுக்கு 8 நூல்), ஆனால் ஒரு தையலில் இரண்டு துணியும் அரை அரை நூலாக உள்ளே போகிறது, கட்டத்தின் குறுக்கே 6 தையல் இருக்கிறது, மொத்தம் 6 நூல், அதாவது முக்கால் இஞ்ச். உன் 7¾ அப்படி வந்ததுதான். ஊசியைத் துணியில்லாமல் கீழே இறக்கி, அதன் முனையிலிருந்து கால் இஞ்ச் அளந்து, மிஷின் தட்டில் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டு. துணி அதில் உரசிக்கொண்டே போகட்டும்.

ஓரம் அலைவது வேறு சங்கதி. நீளப் பட்டையை அப்படியே வைத்துத் தைத்து, முடிகிற இடத்தில் வெட்டுகிறாய் போல. அப்படிச் செய்தால் பட்டை இழுபட்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். முன்னாடியே அளந்து வெட்டி வை: முதல் பட்டை 2½, அடுத்த இரண்டு 3½, அடுத்த இரண்டு 4½, இப்படியே ஏறி 7½ இரண்டு, கடைசியில் 8½ ஒன்று. மொத்தம் 12. பட்டை பெரிதாகத் தெரிந்தால் கட்டம் எங்கோ சுருங்கியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சுடிதார் வெட்டுத்துணியில் கழுத்து, கைக்குழி வெட்டிய மிச்சமெல்லாம் கிராஸாக இருக்கும், நூலோட்டம் பார்த்து நேராக வருகிற துண்டை மட்டும் எடு. ஒவ்வொரு பட்டைக்கும் தேய்ப்புப்பெட்டி போட வேண்டும், தையல் மடிப்பு வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். பெட்டியை வைத்து எடு, இழுக்காதே.

இரணியல் தறி:
அக்கா சொல்வதெல்லாம் சரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி சொல்கிறேன். கைலி ஒரு கனம், முண்டு ஒரு கனம், சுடிதார் துணி வழவழவென்று நழுவும். இப்படிக் கலந்து கிடக்கிற துணிக்கு அடியில் காடாத்துணி வைத்துத் தைப்பதுதான் நல்லது. காடாவை நனைத்துக் காயவைத்து, 9 இஞ்ச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் நடுவிடம் கிடைக்கும். பட்டைகளை அதன் மேலேயே வைத்துத் தைத்துவிட்டு எல்லாவற்றையும் 8½க்கு வெட்டிக்கொள்ளலாம். துணி இழுபடாது. பழைய முண்டே அடித்துணிக்குப் போதும், கடைக்குப் போக வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே வழி இருக்கிறது. அடித்துணி இருப்பதால் கனம் தானாக வந்துவிடும், உள்ளே எதுவும் வைக்காமல் பின்பக்கம் ஒரு மெல்லிய பருத்தி பெட்ஷீட் கொடுத்தாலே நம் ஊருக்குத் தாராளம். பாலியஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும், அதை மறுக்கவில்லை, ஆனால் மே மாதம் அதைப் போர்த்திக்கொண்டு யாரும் தூங்க முடியாது. இலவம்பஞ்சை உதிரியாகப் போட்டுவிடாதீர்கள், துவைத்தால் உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும்.

கசவுக்கரை உள்ள முண்டில் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். இப்போது வருகிற சரிகையில் பிளாஸ்டிக் கலப்பு அதிகம், சூட்டில் சுருண்டுவிடும். சிவப்பை நம்பாதீர்கள். நனைத்த துண்டை வெள்ளைத்துணிக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சாயம் இறங்கினால் நடுச்சதுரத்துக்கு வேண்டாம். ஒரே துவையலில் முண்டு முழுக்க ரோஸ் ஆகிவிடும்.

குளச்சல் கடற்காற்று:
நான் இப்போது கடல் கடந்து இருக்கிறேன், இங்கே நிறையப் பேர் குவில்ட் தைக்கிறார்கள். லாக் கேபின் அமெரிக்காவில் 1860களில் பரவலானது. நடுவில் சிவப்பு வைத்தால் அது வீட்டின் அடுப்பு என்பார்கள், மஞ்சள் வைத்தால் ஜன்னல் விளக்கு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் அளவுகோலே இல்லாமல் கையையும் விரலையும் வைத்து அளந்து, அடித்துணி மேல் கையாலேயே தைக்கிற பழக்கம் இருந்திருக்கிறது. மிஷின் சண்டித்தனம் செய்தால் தைரியமாகக் கையில் தையுங்கள். முளகுமூடு பக்கம் லேஸும் எம்பிராய்டரியும் செய்கிற கைகள் இருக்கிற மாவட்டம் நம்முடையது.

கட்டங்களை உடனே சேர்த்துத் தைத்துவிடாதீர்கள், தரையில் பரப்பிப் பாருங்கள். இதில் எனக்கு அலுக்கவே அலுக்காத வேலை இதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர்பட்டை, மற்ற இரண்டு பக்கம் அடர்பட்டை வைப்பார்கள். அந்த அடர்பக்கத்தை எந்தப்பக்கம் திருப்புகிறோம் என்பதை வைத்தே சாய்ந்த வரிகள் வரும், ஒன்றுக்குள் ஒன்றாக வைரக்கட்டம் வரும். இந்த வைரக்கட்டத்துக்கு பார்ன் ரெய்சிங் என்று பெயர், அதற்கு நீளத்திலும் அகலத்திலும் இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டும். எது வெளிர், எது அடர் என்று குழப்பமாக இருந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள், சாக்கில் உள்ள துணி முழுக்க வெளிர், அடர் என்று பிரிந்துவிடும்.

தக்கலை மல்லி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டேப் ஒட்டித் தைத்தேன் அக்கா, 8½ அப்படியே வந்துவிட்டது! மீதியை முண்டு அடித்துணி வைத்தே தைக்கப்போகிறேன். வைரக்கட்டம்தான் வேண்டும். டபுள் கட்டிலுக்கு எவ்வளவு துணி பிடிக்கும்? உள்ளே பஞ்சு இல்லையென்றால் மேலும் கீழும் எப்படிப் பிடித்து நிற்கும்?

மார்த்தாண்டம் தையலக்கா:
8க்கு 10, மொத்தம் 80 கட்டம் வை. சேர்த்தபின் ஒரு கட்டம் 8 இஞ்ச் நிற்கும், அப்போது 64க்கு 80 இஞ்ச் வரும். வெளிர்பட்டையில் தொடங்கினால் ஒரு கட்டத்துக்கு வெளிர் 30 இஞ்ச் நீளம், அடர் 36 இஞ்ச் நீளம் போகும். 44 இஞ்ச் அகலத் துணி என்றால் வெளிரில் இரண்டரை மீட்டர், அடரில் மூன்று மீட்டர் இருந்தால் போதும். உன் சாக்கில் அதற்கு மேலேயே இருக்கும்.

அடித்துணி வைத்ததில் ஊசி ஏறுவது கஷ்டம், மேலும் கீழும் சேர்த்துப் பிடிக்க முழுக்கக் குவில்டிங் தையல் போட்டுக் கையை நோகடிக்காதே மக்ளே. கட்டங்கள் சேருகிற ஒவ்வொரு மூலையிலும், அப்புறம் நடுச்சதுரத்திலும், எம்பிராய்டரி நூலை இரட்டையாகக் கோத்துக் குத்தி எடுத்து இரட்டை முடிச்சுப் போடு. ஓரத்துக்குக் கைலித்துணியில் 2½ இஞ்ச் பட்டை வெட்டி, இரண்டாக மடித்துச் சுற்றிலும் தைத்துவிடு.