நெல்லிக்குப்பம் வீட்டுச் சொந்தங்கள்

தேவி: எல்லாரும் பாத்துக்குங்க. ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு காதுகுத்து, திருவந்திபுரத்துலதான், 9லேர்ந்து 10.30க்குள்ள. வேன் மஞ்சக்குப்பம் மைதானத்துகிட்ட 7 மணிக்கு நிக்கும். இப்ப ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி, பாப்பாவ யாரு மடியில உக்கார வெக்கிறது. அம்மா குமார் அண்ணன் மடிதான்னு ஒரே புடியா நிக்குது

மல்லிகா அத்தை: அதுக்கு அவன் வெளிய இருக்கணுமே

தேவி: அத்தை

மல்லிகா அத்தை: நா ஒண்ணும் சொல்லல. அந்த வாய்க்கா தகராறுல தலையிடாதன்னு அப்பவே சொன்னேன், அவ்ளோதான்

விஜி: ஜாமீன் புதன்கெழம வருதுல்லக்கா, தள்ளி வெச்சா என்ன

தேவி: ஏற்கனவே தள்ளித் தள்ளிதான் புள்ள எல்கேஜி வந்துட்டா. வக்கீலு புதன்கெழம புதன்கெழமங்கறாரு, எந்த புதன்கெழமன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு

செல்வம்: அத்தை, அதான் தேவியோட அம்மா, ஒரு யோசனை சொல்றாங்க. மச்சான் வீடியோ கால்ல இருக்கணுமாம். பலகையில பாபு உக்காரட்டும், போன அவன் தோள்கிட்ட புடிச்சிக்கிட்டு குத்தணுமாம்

பாபு: எனக்கு ஓகே

ராஜேந்திரன் சித்தப்பா: ஜெயிலிலிருந்து வீடியோ காலா? விடுகிறார்களா?

தேவி: விடுறாங்க சித்தப்பா, கொரோனா சமயத்துல மனு பாக்குறத, அதான் ஜெயிலுக்குப் போயி நேர்ல பாக்குறத, நிறுத்துனாங்கல்ல அப்ப வந்தது. இப்ப மாசத்துக்கு 10 தடவ, ஒரு தடவைக்கு 12 நிமிஷம். முன்ன மாசம் முழுக்கவே 56 நிமிஷம்தான் இருந்துச்சாம். ஆனா அண்ணன்தான் கூப்புடணும், நாம கூப்புட முடியாது, அதுவும் அவங்க முற வர்றப்பதான், எழுதிக்குடுத்த நம்பருக்கு மட்டுந்தான் வரும்

மல்லிகா அத்தை: எழுதிக்குடுத்த நம்பர் யாரோடது

விஜி: தெரிஞ்சிகிட்டே கேக்காதீங்க அத்தை

மல்லிகா அத்தை: பெத்தவளோடது இல்லல்ல. அதத்தான் கேட்டேன்

தேவி: அம்மா சிம் இன்னும் அப்பா பேர்லதான் ஓடுது. நம்பர் சேக்கணும்னா சிம் யாரு பேர்ல இருக்கு, என்ன உறவுன்னு கேப்பாங்களாம். மாத்தலாம் வாம்மான்னா, உங்கப்பா பேர எடுக்க மாட்டேன்னு அழுவுது. நா என்ன பண்றது

கணேஷ் நியூஜெர்சி: தேவிக்கா இதுல ஒரு பெரிய கதையே இருக்கு. இங்க அமெரிக்காவுல மார்த்தா ரைட்னு ஒரு பாட்டி, வாஷிங்டன்ல இருந்தாங்க, கண்ணு தெரியாது, பேரன் ஜெயில்ல. லெட்டர் எழுதவும் முடியாது படிக்கவும் முடியாது, போன் ஒண்ணுதான் வழி, அதோட பில்லு கட்டவே முடியல. 2003ல எஃப்சிசி கிட்ட மனு போட்டாங்க, நம்ம ஊரு டிராய் மாதிரி, போன் கம்பெனிங்கள கட்டுப்படுத்துறவங்க. ஏன் அவ்ளோ ரேட்டுன்னா ஜெயில்ல ஒரே கம்பெனிக்குத்தான் கான்ட்ராக்ட், அந்த கம்பெனி வர்ற காசுல ஜெயிலுக்கே கமிஷன் குடுக்கும், அப்ப எவன் ரேட்ட கொறைப்பான். 15 நிமிஷம் பேசுனா சில பெரிய ஜெயில்ல 11 டாலருக்கு மேல போச்சு. பாட்டி 2015ல போயிட்டாங்க. 2023 ஜனவரியில ரேட்ட கட்டுப்படுத்த அவங்க பேர்லயே சட்டம் வந்துச்சு, வீடியோ காலுக்கும் சேத்து. 2024ல அதே 15 நிமிஷத்த 90 சென்ட்டுக்கு கொண்டாந்தாங்க, 2025ல அத தள்ளிப்போட்டு அப்புறம் ரேட்டையும் கொஞ்சம் ஏத்திட்டாங்க. கனெக்டிகட், கலிஃபோர்னியாவுல மாநிலச் சிறையில போன் ஃப்ரீ. ஆனா பல கவுண்டி ஜெயில்ல, நம்ம மாவட்டம் மாதிரி, வீடியோ வந்ததும் நேர்ல பாக்குறதையே எடுத்துட்டாங்க, பாக்கணும்னா காசு கட்டி ஸ்கிரீன்லதான் பாக்கணும்

மல்லிகா அத்தை: சுருக்கமா சொல்லு கணேசு

விஜி: அண்ணா இது காதுகுத்து

பாபு: 😂

செல்வம்: இல்ல அவரு சொல்றதுல ஒண்ணு இருக்கு. வீடியோ இருக்குல்லன்னு நாளைக்கு இங்கயும் மனு பாக்குறத நிறுத்திட்டா என்ன பண்றது. அத்தைக்கு போன்ல பாத்தா பத்தாது

தேவி: நேர்ல மட்டும் என்ன வாழுது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. போன வாரம் அம்மா போயிட்டு வந்து, எளச்சிட்டான், அத தவிர ஒண்ணும் சொல்லல

ராஜேந்திரன் சித்தப்பா: 1981லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. குடும்பத்தாரையும் வக்கீலையும் சந்திப்பது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று. ஃபிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கு. இன்னொன்று, 1918இல் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைது செய்து நம் கடலூர் ஜெயிலில்தான்

விஜி: அப்பா ப்ளீஸ்

ராஜேந்திரன் சித்தப்பா: வரலாறு தெரியாமல் பேசக்கூடாது

மல்லிகா அத்தை: சாப்பாடு யாரு. போன தடவ அந்த நெய்வேலி ஆளு கேசரியில சக்கரயே போடல

செல்வம்: அவரு இல்ல அத்தை, வேற ஆளு

பாபு: பண்ருட்டிலேர்ந்து பலாப்பழம் எடுத்தாரவா

தேவி: பாபு நீ மொதல்ல வேட்டி எடு. அண்ணன் முற வியாழக்கெழம முடிஞ்சிது, மூணு நாளைக்கு ஒருக்கான்னு கணக்கு வெச்சா ஞாயித்துக்கெழம வரணும். காலைலயா சாயந்தரமான்னு தெரியாது. சுமதி அண்ணி, நீங்க மெசேஜ் பாக்குறீங்கல்ல

மல்லிகா அத்தை: ப்ளூ டிக் வந்து அரைமணி ஆச்சு

சுமதி: பாக்குறேன். போன் என்கிட்டதான இருக்கு, முத்தியால்பேட்டைலேர்ந்து மொத பஸ்ஸ புடிச்சி வந்துடுறேன். ஆனா ஒண்ணு. 12 நிமிஷத்துல யாருக்கு எவ்ளோன்னு இப்பவே பேசிடுங்க. போன தடவ வக்கீல் ஃபீசு, அத்தைக்கு சக்கர மாத்திர, வாய்க்கா கேசு, இதுலயே முடிஞ்சிது. சாப்ட்டியான்னு கேக்க வாயத் தெறந்தேன் கட்டாயிடுச்சு. எல்லாரும் எம் போனு எம் போனுங்கறீங்க, எனக்கு அதுல என்ன மிஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கல

விஜி: 🥺 அண்ணி

கணேஷ் நியூஜெர்சி: கரெக்ட் அண்ணி. அதுக்குத்தான் சொல்றேன், எத்தன நிமிஷம், எத்தன நம்பர்னு குடும்பத்தையும் கேட்டு முடிவு பண்ணணும், அம்மாவுக்குத் தனி பொண்டாட்டிக்குத் தனின்னு, நா வேணா ஒரு மனு எழுதித் தரேன்

மல்லிகா அத்தை: நீ அங்கேர்ந்து எழுது, இங்க யாரு கொண்டு போயி குடுக்கறது

தேவி: அம்மாகிட்ட படிச்சிக் காட்டுனேன். அம்மா சொல்லுது: குத்துறப்ப அவன் மூஞ்சி தெரிஞ்சா போதும், மிச்சம் சுமதிக்கே. சங்கிலி விஷயம் அப்புறம் பேசிக்கலாமாம்

சுமதி: சங்கிலி பத்தி நா கேக்கவே இல்லையே

மல்லிகா அத்தை: பாத்தியா

தேவி: ஐயோ அத்தை விடுங்க. அண்ணி நீங்க வாங்க, மத்தத நேர்ல பேசலாம்

செல்வம்: கால் 10.30 தாண்டி வந்தா என்ன பண்றது, அதச் சொல்லுங்க. ஐயரு நிக்க மாட்டாரு

பாபு: ஒரு காத மட்டும் குத்திட்டு வெயிட் பண்ணலாம்

விஜி: 😂😂 லூசு

ராஜேந்திரன் சித்தப்பா: 12க்கு மேல் ராகு காலம் இல்லை. ஞாயிறு 4.30க்குத்தான். பேசிப் பார்க்கலாம்

தேவி: யாரு பேசறது

மல்லிகா அத்தை: வேன்ல ஜன்னல் சீட்டு எனக்கு