அயோடின் மாத்திரை, மாஸ்க், கோட்டு எல்லாம் வாங்கி வைக்கணுமா? கூடங்குளம் பக்கம் இருக்கோம்

கடலோரக்காரன்:
எங்க ஊரு ராதாபுரம் தாலுகா, மொட்டை மாடில நின்னா உலையோட டோம் ரெண்டும் தெரியும். பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு, பயம்லாம் இல்ல, ஆனா போன வாரம் பேமிலி குரூப்ல எவனோ ஒரு லிஸ்ட் அனுப்பிட்டான், வீட்டுக்கு வீடு அயோடின் மாத்திரை, காஸ் மாஸ்க், உடம்ப மூடுத வெள்ளை கோட்டு, ஈயத்துல செஞ்ச லெட் ஏப்ரன்னு, அதுல இருந்து எங்க வீட்டம்மா தூங்க விடமாட்டேங்கா. டவுன்ல ஒரு மெடிக்கல்ல பொட்டாசியம் அயோடைட் இருக்கான்னு கேட்டேன், அந்தத் தம்பி உள்ள போயி கண்ணுல விடுத சொட்டு மருந்த எடுத்துட்டு வந்து இதுல அதான்ணே இருக்குங்கான். அட்டையத் திருப்பிப் பாத்தா நெசமாவே அந்தப் பேரு போட்டிருக்கு, நானும் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பிள்ளைக ரெண்டு, 9 வயசும் 2 வயசும். அம்மாவுக்கு 64, தைராய்டு மாத்திரை சாப்பிடுதாக.

உப்பளத்தான்:
அயோடின்தானே வேணும், அயோடின் உப்பு பத்து பாக்கெட் வாங்கிப் போடுங்க அண்ணாச்சி, நம்ம தூத்துக்குடி சரக்கு, கெட்டும் போகாது.

பேட்ஜ்காரன்:
உப்பு அண்ணன் கோவிச்சுக்காதீங்க, கணக்கு மட்டும் பாருங்க. பெரியவங்களுக்கு ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் அயோடின் வேணும். கடை உப்புல கிலோவுக்கு குறைஞ்சது 15 மில்லிகிராம் இருக்கணும்னு சட்டம், அந்தக் கணக்குல ஒரே ஆள் ஆறரை கிலோவுக்கு மேல உப்பு திங்கணும், கதிர்வீச்சு வர்றதுக்கு முன்னாடி உப்பே ஆளை முடிச்சிரும். 2011ல ஃபுகுஷிமா அப்போ சீனாக்காரங்களும் இப்படித்தான் கடை கடையா உப்புக்கு அலைஞ்சாங்க.

நான் ஒரு ஆஸ்பத்திரில நியூக்ளியர் மெடிசின் டெக்னீசியன், சட்டைல டிஎல்டி பேட்ஜ் மாட்டிட்டு வேலை பாக்கிறவன், மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதை அனுப்பி எவ்வளவு டோஸ் வாங்கியிருக்கேன்னு பாப்பாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல கதிரியக்க அயோடின் ஏத்திப் பண்ற எம்ஐபிஜி ஸ்கேனுக்கு முன்னாடி பேஷண்டுக்கு லுகால்ஸ்ங்கற அயோடின் சொட்டு குடுப்போம், அதே வேலைதான் இந்த மாத்திரையும் பண்ணுது. பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி, தைராய்டுக்குள்ள நல்ல அயோடின் முதல்லயே உக்காந்துட்டா பின்னாடி வர்ற கதிரியக்க அயோடினுக்கு இடம் கிடையாது, சிறுநீர்ல போயிரும். அதனால நேரம்தான் எல்லாமே. கதிரியக்கக் காத்து நம்ம பக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளைக்குள்ள, இல்ல வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது, எட்டு மணி நேரம் வரைக்கும் பிரயோஜனம் இருக்கு, ஒரு நாள் தாண்டிப் போட்டா நல்லதை விட கெடுதல் ஜாஸ்தி. உங்க மூத்த பிள்ளைக்கு 65 மில்லிகிராம், சின்னதுக்கு 32, உங்களுக்கு 130, இது பொட்டாசியம் அயோடைட் எடை, அந்த 130ல அயோடின் மட்டும் 100. இதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. 40 தாண்டினவங்களுக்கு பலன் கம்மி, அம்மாவுக்கு தைராய்டு வேற இருக்கு, அவங்க டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, இது தைராய்டை மட்டும்தான் காப்பாத்தும். 2010ல டெல்லி மாயாபுரில பழைய இரும்புக் கடைக்கு வந்தது கோபால்ட் 60ங்கற வேற கதிரியக்கப் பொருள், ஒருத்தர் செத்தே போனாரு, அங்க இந்த மாத்திரைய வண்டி வண்டியா இறக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. சீசியம் உடம்புக்குள்ள போனா அதுக்கு மருந்து பிரஷ்யன் ப்ளூ, பிரேசில்ல கோயானியாங்கற ஊர்ல 1987ல சீசியம் பரவினப்போ 46 பேருக்கு அதைக் குடுத்தாங்க. புளூட்டோனியம்னா டிடிபிஏங்கற மருந்து. எலும்பு மஜ்ஜை அடிவாங்கினா வெள்ளை அணு ஏத்துற ஊசி, ரத்தம், பிளேட்லெட். இதெல்லாம் ஆஸ்பத்திரியும் அரசாங்கமும் ஸ்டாக் வைக்க வேண்டியது, வீட்டு பீரோவுல வைக்கிறது இல்ல. வெள்ளை கோட்டு தூசி ஒட்டாம பாத்துக்கும், அவ்வளவுதான், காமா கதிர் அது வழியா நேரா போயிரும். லெட் ஏப்ரன் எக்ஸ்ரே ரூமுக்கு சரி, கதிரியக்க அயோடின் (அயோடின் 131) குடுக்கிற வார்டுல நாங்களே போடுறது இல்ல, வெயிட்டுல இடுப்பு வலிதான் மிச்சம்.

ஆராவ் தம்பி:
நான் சுவிஸ்ல இருக்கிறன், கோஸ்கன் அணு உலை எங்கட வீட்டுக்கு கிட்ட. இஞ்ச உலையளைச் சுத்தி 50 கிலோமீற்றருக்குள்ள இருக்கிற எல்லா வீட்டுக்கும் அரசாங்கமே மாத்திரைப் பெட்டியைத் தபால்ல அனுப்பும், காசு இல்லை. ஒரு குளிசை 65 மில்லிகிராம், பெரியாக்களுக்கு ரெண்டு. மனுசி அதை பாத்ரூம் அலுமாரியில பனடோலுக்குப் பக்கத்தில வைச்சிருந்தவ, ஈரம் படக்கூடாது எண்டு நான்தான் எடுத்து பாஸ்போட் இருக்கிற லாச்சிக்குள்ள வைச்சனான். நீங்களா எடுத்துப் போடக்கூடாது, ரேடியோவில அறிவிச்சால்தான் போடவேணும். பிப்ரவரி முதல் புதன்கிழமை மத்தியானம் ஒண்டரைக்கு நாடு முழுக்க சைரன் ஊதிப் பாப்பினம், வந்த முதல் வருசம் எனக்கு ஊர் நினைப்பு வந்து மேசைக்குக் கீழ பூந்திட்டன்.

கடலோரக்காரன்:
அங்க தபால்ல வருது, இங்க எவன் கையில இருக்குன்னே தெரியல. அப்ப நான் என்னதான் வாங்கணும் பேட்ஜ் தம்பி?

பேட்ஜ்காரன்:
அந்தக் கண்ணு சொட்டு மருந்து இதுக்கு உதவாது, திருப்பிக் குடுத்துருங்க. வாங்க வேண்டியது பேட்டரி ரேடியோ ஒண்ணு, ரெண்டு நாளைக்கு மூடி வச்ச தண்ணி, சோப்பு, பெரிய பிளாஸ்டிக் கவர், சாதா மாஸ்க், அம்மா மாத்திரை பத்து நாளைக்கு. அறிவிப்பு வந்தா கதவு ஜன்னலை சாத்திட்டு உள்ளேயே இருங்க, ஃபேன் ஏசி வேண்டாம். வெளிய இருந்து வந்தவங்க வாசல்லயே துணியக் கழட்டி கவர்ல போட்டுக் கட்டிட்டு தலையோட குளிச்சாலே ஒட்டின தூசில முக்கால்வாசிக்கு மேல போயிரும். உலையச் சுத்தி 16 கிலோமீட்டருக்கு அவசரத் திட்டம் போட்டிருக்காங்க, பொறுப்பு கலெக்டருக்கு. உங்க ஊருக்கு எத்தனை மாத்திரை, எந்த ரூம்ல இருக்கு, எக்ஸ்பைரி என்ன, ராத்திரி ரெண்டு மணிக்குன்னா சாவி யார்கிட்டன்னு எழுதிக் குடுத்துக் கேளுங்க. சாவிதான் மெயின், எட்டு மணி நேரத்துல பாதி அதைத் தேடுறதுலயே போயிரும்.

கடலோரக்காரன்:
சரி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள், நாலஞ்சு பேரச் சேத்துக்கிட்டு போயி குடுத்துருதேன். காஸ் மாஸ்க் ஆர்டர கேன்சல் பண்ணியாச்சு, வீட்டம்மா மொறைக்கா. மெடிக்கல் தம்பி சொட்டு மருந்த திருப்பி எடுக்க மாட்டேங்கான்.